மூன்று ஏக்கர் புல்

"நாலு ஆடு வாங்கி விட்டா மேஞ்சுட்டுப் போகுது. இதுக்கு எதுக்குடா ஒரு டிராக்டரு?"

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகருக்கு வெளியே மூன்று ஏக்கர் மனையோடு வீடு வாங்கியிருந்த மகனைப் பார்த்து என் அக்கா கேட்ட முதல் கேள்வி இது. மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் கையில் இருந்தால் நெல் போடுவார்கள், அறுவடைக்கு முன் உளுந்து தெளிப்பார்கள். இங்கே வீடும் மரங்களும் போக மிச்சம் முழுக்கப் புல். மாடு தின்னாத, யாரும் அறுத்துக் கட்டி விற்காத புல். ஒரு வாரம் வளர்த்து, வார இறுதியில் வெட்டி, வெட்டியதை அங்கேயே போட்டுவிட வேண்டும்.

இதைத் தனிமனிதக் கிறுக்கு என்று ஒதுக்க முடியாது. கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளர் செயற்கைக்கோள் படங்களையும் விமானப் படங்களையும் வைத்து அமெரிக்கப் புல்தரைகளை அளந்தார். 2005ல் நாசா வெளியிட்ட கணக்குப்படி மொத்தம் சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. சென்னை முதல் குமரி வரை வயல், ஊர், காடு, மலை எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டுப் புல் போட்டு, அதை வாராவாரம் முடி வெட்டுவதுபோல் வெட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அந்த நாடு செய்வது அதைத்தான்.

அக்காவின் யோசனையும் அப்படியொன்றும் பட்டிக்காட்டுத்தனம் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918ல், அதிபர் உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறி ஆடுகளை மேயவிட்டார். புல் வெட்டும் கூலி மிச்சம். அந்த ஆடுகளின் கம்பளி ஏலத்தில் 52,000 டாலருக்கு மேல் போய், பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேர்ந்தது.

ஆனால் அக்கா மகன் ஏற்கெனவே மூன்று விலைப்பட்டியல்களை மேசையில் விரித்திருந்தான். எல்லாம் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகள். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் குதிரைத்திறன். "மாமா, இருபத்திநாலு ஹெச்பி போதுமா?" என்றான். கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் அவன் சும்மா இருப்பானா? காகிதமும் பேனாவும் கொண்டு வரச் சொன்னேன்.

முதலில் அந்தக் குதிரையை இறக்கி வைப்போம். விலைப்பட்டியலில் இருக்கும் எண்களிலேயே உதவாத எண் அதுதான். எஞ்சினை வண்டியிலிருந்து கழற்றி, சோதனை மேடையில், சில துணைப்பாகங்கள் இல்லாமல் ஓட்டிப் பார்த்துக் கிடைக்கும் திறன் ஒன்று. புழுதியும் சூடும் புல் அடைத்த டெக்குமாக (கத்திகளை மூடியிருக்கும் தகட்டுக்கூடுதான் டெக்) தோட்டத்தில் கிடைக்கும் திறன் வேறொன்று. புல்வெட்டி எஞ்சின்களின் குதிரைத்திறனை மிகைப்படுத்தி விற்றார்கள் என்று அமெரிக்க நுகர்வோர் தொடுத்த கூட்டு வழக்கு, 2010ல் 65 மில்லியன் டாலர் இழப்பீட்டுச் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு பல தயாரிப்பாளர்கள் குதிரையை விட்டுவிட்டு கன சென்டிமீட்டருக்கும் முறுக்குவிசைக்கும் மாறிக்கொண்டார்கள். டெக்கின் அகலத்துக்கு ஏற்ற எஞ்சினைத்தான் எப்படியும் பொருத்தி விற்கிறார்கள். கேள்வியை வேறு இடத்தில் தொடங்க வேண்டும். புல்லில்.

புல்லை வெட்டினால் ஏன் சாவதில்லை? மற்ற செடிகளில் நுனிக்குருத்துதான் வளரும் இடம். கிள்ளினால் அந்தக் கிளை நின்றுபோகும். புல்லுக்கு வளரும் திசு தரையோடு ஒட்டி, இலையின் அடியில் இருக்கிறது. மேயும் விலங்குகளோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து கற்ற தற்காப்பு அது. மேலே வெட்ட வெட்டக் கீழிருந்து தள்ளிக்கொண்டே வரும். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இலைதான் புல்லின் சமையலறை. 1955ல் அமெரிக்க வேளாண் துறைக்காக எஃப். ஜே. கிரைடர் வெளியிட்ட ஆய்வில், இலையில் பாதிக்கு மேல் ஒரே வெட்டில் போனதும் வேர்கள் வளராமல் நிற்கத் தொடங்கின. எவ்வளவு அதிகம் வெட்டினாரோ அவ்வளவு நாள் நின்றன. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே என்று தோட்டக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த வேர்க்கணக்கு.

அக்கா மகன் வீட்டில் பெரும்பகுதி டால் ஃபெஸ்க்யூ என்ற குளிர்காலப் புல். மூன்றரை அங்குலத்தில் நிறுத்த வேண்டும். அப்படியென்றால் ஐந்தேகால் அங்குலத்தைத் தாண்டுமுன் வெட்டியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அது வளரும் வேகத்துக்கு வாரம் ஒருமுறை கட்டாயம். மழை வந்து ஒரு சனிக்கிழமை தவறினால் மூன்றில் ஒரு பங்கு விதியும் போச்சு. தெருவோரமாக, நல்ல வெயில் விழும் இடத்தில் வேறொரு புல் படர்ந்திருந்தது. அவன் அதை பெர்முடா புல் என்றான். அக்கா குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்து, "அருகம்புல்லுடா இது, பிள்ளையாருக்குப் போடுறது" என்றாள். அவள் சொன்னது சரி, இரண்டும் ஒரே இனம். அங்கே விளையாட்டு மைதானங்களுக்கு அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். தோட்டத்தில் வேண்டாத இடத்தில் வந்தால் மருந்தடித்துக் கொல்கிறார்கள்.

ஆகவே வாராவாரம் முடிக்கக்கூடிய நேரத்தில் வேலையை முடிக்கும் வண்டி வேண்டும். புல் மட்டும் அளந்தால் இரண்டேகால் ஏக்கர். 21 அங்குலக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், ஓர் ஓட்டத்தின் மேல் இன்னோர் ஓட்டம் ஏறாமல் போனால்கூட, 17 கிலோமீட்டர் நடை. 42 அங்குல டெக் என்றால் அதில் சரிபாதி, அதுவும் உட்கார்ந்தபடி.

நேரத்துக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. வேகத்தை மைலிலும் அகலத்தை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 99ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று வரும். திரும்புவது, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வெட்டுவது எல்லாவற்றுக்கும் இருபது சதவீதம் கழித்தால் 99க்குப் பதில் 124. விலைப்பட்டியல் சொல்வது 54 அங்குலம், 8 மைல்: மணிக்கு மூன்றரை ஏக்கர், நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. 42 அங்குல வண்டி 5 மைலில் போனால் எண்பது நிமிடம். பாதிக்குப் பாதி! அவன் முகம் மலர்ந்தது.

ஆனால் அந்த 8 மைலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கத்திக்குள் போக வேண்டும்.

புல்வெட்டியின் முதல் வடிவம் கத்தரிக்கோல் இனம். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீவ ஓர் உருளை எந்திரம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த எட்வின் பட்டிங், துணியைச் சீவுவதுபோல் புல்லைச் சீவினால் என்ன என்று யோசித்து 1830ல் காப்புரிமை வாங்கினார். சுழலும் அலகு, அசையாத அலகு, இரண்டுக்கும் நடுவில் புல். இன்றைய வண்டிகளில் இரண்டாவது அலகு கிடையாது. புல்லைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் வெறும் காற்றில் சுழலும் பட்டைக்கத்தி எப்படி வெட்டுகிறது?

சின்ன வயதில் குச்சியை வைத்துக்கொண்டு வேலியோரச் செடிகளின் தலையைச் சீவிக்கொண்டு நடந்தவர்களுக்கு விடை தெரியும். மெல்லத் தட்டினால் செடி வளைந்து கொடுக்கும். ஓங்கி விசிறினால் தலை தனியே பறக்கும். வளைவதற்கு நேரம் கொடுக்காத வேகம் வேண்டும். அப்போது புல்லின் நிலைமமே அதைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது கை ஆகிவிடுகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரவிதி கத்தி நுனியின் வேகத்துக்கு விதிக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. நம் கணக்கில் மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஒரு கூழாங்கல்லை அந்த வேகத்தில் எறிந்தால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் வரம்பு. வண்டி ஓடும்போது குழந்தைகளை வீட்டுக்குள் வைத்திருக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

நுனிவேகம் இப்படிக் கட்டப்பட்டிருப்பதால் கத்தி நீண்டால் மெதுவாகச் சுற்ற வேண்டும். 54 அங்குலத்துக்கு ஒரே கத்தி போடாமல் பதினெட்டரை அங்குலத்தில் மூன்று போடுகிறார்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,900 சுற்றுவரை போகலாம். வினாடிக்கு 65 சுற்று. இரு முனையிலும் கூர் இருப்பதால் 130 வீச்சு. வண்டி 8 மைல் வேகத்தில் போனால் வினாடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் நகரும். ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வண்டி இரண்டேமுக்கால் சென்டிமீட்டர் முன்னேறிவிடும். அவ்வளவு புல்லையும் அந்த ஒரு நுனி ஒரே வீச்சில் அறுத்து எறிய வேண்டும். 4 மைலில் போனால் அதில் பாதி.

இன்னொன்றும் உண்டு. கத்தியின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது விசிறி இறக்கை. டெக்குக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, சாய்ந்து கிடக்கும் புல்லை நிமிர்த்தி, வெட்டியதைப் பக்கவாட்டில் தள்ளும். எஞ்சினின் உழைப்பில் பெரும்பங்கு இந்தக் காற்றுக்கே போகிறது. வண்டி வேகமாக ஓடினால் முன்சக்கரம் மிதித்துச் சாய்த்த புல் நிமிர்வதற்குள் கத்தி கடந்துவிடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சரியாகச் சவரம் செய்யாத தாடிபோல் கோடு கோடாக எழுந்து நிற்கும். மே மாத ஃபெஸ்க்யூவில் யாராக இருந்தாலும் 5 மைலுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த வேகத்தில் 54 அங்குல வண்டிக்கும் ஒரு மணி நேரம். மிச்சமாவது பதினெட்டு நிமிடம். அதற்குக் கூடுதலாக ஆயிரக்கணக்கில் டாலர்!

அகலத்துக்கு வேறொரு தண்டனையும் உண்டு, அது தரையின் வடிவத்தைப் பொறுத்தது. டெக் ஒரு நேர்க்கோடு. மண் நேர்க்கோடு அல்ல. ஐந்து மீட்டர் ஆரமுள்ள ஒரு மேட்டின் முதுகில் 42 அங்குலக் கோல் ஒன்றைப் படுக்கவைத்தால் அதன் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு. 54 அங்குலக் கோலுக்கு நாலே முக்கால். அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் பிழை இது. மூன்றரை அங்குலத்தில் நிறுத்த நினைத்த புல், மேட்டின் உச்சியில் ஒன்றரை அங்குலத்துக்கு மழிக்கப்பட்டு, கோடையில் காய்ந்து சொட்டையாகும். டெக்கின் ஓரங்களில் சின்ன உருளைகள் வைத்திருப்பது இதைக் குறைக்கத்தான். முழுக்கத் தடுக்க அவற்றால் முடியாது. அக்கா மகன் வீட்டுப் பின்பக்கம் பழைய மரங்களின் வேர்மேடுகள் ஏராளம். போதாததற்குப் பின்வேலியின் கதவு ஐந்தடி. பக்கவாட்டுத் தள்ளுவாயையும் சேர்த்தால் எந்த டெக்கும் சொல்லும் அகலத்தைவிடப் பத்து அங்குலம் போல விரியும். விலைப்பட்டியலில் மூழ்கியவன் கதவை அளக்கவே இல்லை.

அகலம் இப்படியாக முடிந்தது. அடுத்தது திரும்பும் கதை.

இரண்டு இனம் இருக்கிறது. ஒன்று லான் டிராக்டர்: ஸ்டியரிங், முன்சக்கரம் திரும்பும், எஞ்சின் முன்னால். 1963ல் ஜான் டீர் நிறுவனம் கொண்டுவந்த 110 மாடல் போன்றவை இந்தச் சின்ன டிராக்டரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. மற்றது, அதே சமயம் கான்சஸ் மாநிலத்தில் ஜான் ரெஜியர் என்பவர் உருவாக்கிய வகை: நின்ற இடத்திலேயே சுழலும் ஜீரோ டர்ன். அதில் ஸ்டியரிங் இல்லை, இரண்டு நெம்புகோல்கள். பொக்லைன் ஓட்டுபவர் ஒரு பக்கச் செயின் தடத்தை முன்னாலும் மறுபக்கத்தைப் பின்னாலும் ஓட்டி நின்ற இடத்தில் திரும்புவாரே, அதே தந்திரம். எஞ்சின் இரண்டு எண்ணெய்ப் பம்புகளைச் சுற்றுகிறது. ஒவ்வொரு பம்பும் ஒரு பின்சக்கரத்து மோட்டாருக்கு எண்ணெயைத் தள்ளுகிறது. பம்புக்குள் இருக்கும் சாய்தட்டு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு எண்ணெய். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் சக்கரமும் எதிர்ப்பக்கம். கியர் மாற்றம் என்ற பேச்சே இல்லை.

இதனால் என்ன லாபம்? அறுபது மீட்டர் நீள வரிசைகளாக ஓட்டினால் இரண்டேகால் ஏக்கருக்குச் சுமார் 150 திருப்பங்கள். லான் டிராக்டர் அகல வளைந்து, பின்னால் வந்து, மறுபடி நேராகும். ஒரு திருப்பத்தில் ஆறு வினாடி மிச்சமானாலும் மொத்தம் கால் மணி நேரம். அகலத்தில் பன்னிரண்டு அங்குலம் கூட்டி மிச்சம்பிடித்ததற்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிட்டது. மரங்கள் அதிகம் என்றால் லாபம் இன்னும் கூடும். அடிமரத்தை ஒட்டிச் சுற்றி வரலாம். ஒன்று மட்டும்: உள்சக்கரத்தை அப்படியே நிறுத்திச் சுழற்றினால் டயர் புல்லைத் திருகிப் பிடுங்கிவிடும். கொஞ்சம் பின்னால் உருட்டிக்கொண்டே திரும்பப் பழக வேண்டும்.

அப்படியானால் ஜீரோ டர்ன்தானே? அவனும் அப்படித்தான் நினைத்தான், வீட்டுக்கு மேற்கே இருக்கும் சரிவுக்கு நாங்கள் நடந்து போகும்வரை.

ஜீரோ டர்னின் முன்சக்கரங்கள் அலுவலக நாற்காலியின் சக்கரங்கள் மாதிரி. எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் திரும்பும்; எதையும் பிடித்து நிறுத்தாது. ஓட்டம், திருப்பம், தடுப்பு மூன்றும் இரண்டு பின்சக்கரங்களின் பொறுப்பு. ஈரப் புல்லில் உராய்வுக் கெழு 0.3 ஆக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரமும் பிடித்தால் 17 டிகிரிச் சரிவுவரை வண்டி நிற்கும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு தாங்கும் பின்சக்கரங்கள் மட்டும் பிடித்தால் 11 டிகிரியிலேயே வழுக்கத் தொடங்கும். மூக்கு கீழ்நோக்கி இருந்தால் எடை முன்னால் சாய்ந்து இன்னும் மோசம். வழுக்கத் தொடங்கினால் ஓட்டுநரின் கையில் எதுவுமில்லை, ஏனென்றால் திருப்புவதும் அதே சக்கரங்கள்தான். லான் டிராக்டருக்கும் தடுப்பு பின்சக்கரத்தில்தான் என்றாலும், முன்சக்கரம் திசையையாவது பிடித்துவைக்கும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள் பலவற்றின் கையேடு 15 டிகிரிக்கு மேல் போகாதே என்கிறது. அதாவது நூறடிக்கு 27 அடி ஏற்றம். அதற்குள்ளும் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. ஜீரோ டர்னில் கவிழ்வுக் காப்புச் சட்டம் இருந்தால் அதை நிமிர்த்திவைத்து, பெல்ட்டும் போட வேண்டும்.

ஒரு பலகையைச் சரிவில் கிடத்தி அதன்மேல் செல்போனை வைத்தோம். 19 டிகிரி என்றது. அங்கே எந்த வண்டியும் கிடையாது, அவ்வளவுதான். அவன் முன்பு பார்த்த விற்பனையாளர் இதையெல்லாம் கேட்கவே இல்லையாம்.

பேட்டரி வண்டியைப் பற்றியும் கேட்டான். கலிஃபோர்னியாவில் 2021ல் இயற்றிய சட்டத்தின் விளைவாக, 2024 முதல் தயாராகும் இவ்வகைச் சிறு பெட்ரோல் எஞ்சின்களுக்குப் புகையே இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அதனால் சந்தையில் பேட்டரி வண்டிகள் பெருகிவிட்டன. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் இரண்டு யூனிட் போலத்தான் கத்திக்குக் கொடுக்கும், மிச்சம் சூடும் சத்தமும். மின்மோட்டார் வாங்குவதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். அடர்ந்த புல் வந்தாலும் சுற்று அவ்வளவாகக் குறையாது. ஆனால் 'ஒரு சார்ஜில் இத்தனை ஏக்கர்' என்று போட்டிருப்பது காய்ந்த, குட்டையான, சமதளப் புல்லுக்கு. மே மாதத்துக்கு அதில் கணிசமாகக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டேகால் ஏக்கர் வைத்திருப்பவன் மூன்றரை, நான்கு ஏக்கர் என்று போட்டிருப்பதைத் தேட வேண்டும். அதன் விலையைப் பார்த்துவிட்டு அவன் பெட்ரோலுக்கே திரும்பினான். எனக்கு அதில் வருத்தம்தான். அந்தத் தெருவில் சனிக்கிழமை காலையில் பத்து எஞ்சின்கள் ஒன்றாக முழங்குவதை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியில் முடிவு இப்படி வந்தது. மேற்குச் சரிவை வெட்டுவதில்லை. சரிவு கணக்கிலிருந்து போனதும் ஜீரோ டர்னுக்கு இருந்த தடையும் போனது. வேர்மேடுகளுக்கும் கதவுக்கும் 42 அங்குலம். குதிரைத்திறன் எவ்வளவு என்று வாங்கும்போது இருவருமே கேட்க மறந்துவிட்டோம். டெக்கின் தகட்டைத்தான் தட்டிப் பார்த்தேன். ஒயர் மாதிரியே தகட்டுக்கும் கேஜ் எண் குறையக் குறைய கனம் கூடும். 12 கேஜைவிட 10 கேஜ் தடிமன். கல்லும் வேரும் உள்ள தரைக்கு அந்தக் கனம் வேண்டும்.

சரிவு மட்டும் நின்றது. அடுத்த வருடம் நாங்கள் போனபோது அதில் பாதியைக் குட்ஸு என்ற கொடி மூடியிருந்தது. 1876ல் ஜப்பானிலிருந்து கண்காட்சிக்கு வந்து, பிறகு மண்ணரிப்பைத் தடுக்க அரசே நடச்சொல்லி, இப்போது அமெரிக்கத் தெற்கு முழுவதும் மரங்களைப் போர்த்தி மூச்சடைக்கிற கொடி. இதற்கு என்ன செய்வது என்று அக்கா மகன் விசாரித்ததில், அங்கே ஒரு தொழில் இருப்பது தெரிந்தது. தற்காலிக மின்வேலி போட்டு, வெள்ளாடுகளை லாரியில் கொண்டுவந்து இறக்கி, சில நாள் மேயவிட்டுத் திரும்ப ஏற்றிப்போவார்கள். 19 டிகிரி அவற்றுக்கு ஒரு சரிவே இல்லை. புல்லைவிடக் கொடியும் தழையும்தான் அவற்றுக்கு ருசி. அதற்கு வாடகை.

லாரி வந்து நின்றபோது அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்கு நாம் காசு கொடுக்க வேண்டும் என்று மகன் விளக்கியது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

"கிடை போட்டா ஆட்டுக்காரனுக்கு நெல்லு குடுக்க மாட்டோமா? அது மாதிரிதான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ராத்திரியும் இங்கயே கட்டச் சொல்லுடா, புழுக்கை மண்ணுக்கு ஆவும்."